ஒக்டோபர் பன்னிரண்டில் கண்ட பிழை

மருதனார்மடம்
22 செப்டெம்பர் 2024

சங்கர்,

போனில் கதைத்தால் இரண்டாவது நிமிடத்தில் குரல் உயர்கிறது. மூன்றாவது நிமிடத்தில் என்னோடு வேலை செய்கிற லெனாட்டின் பெயர் வருகிறது. அதனால்தான் இனி மின்னஞ்சலில் எழுதுவோம் என்றேன். எழுதினால் அனுப்பும் முன் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்த நீங்கள் தேருக்கு முதல் நாளே பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு பஸ் ஏறியதைப் பற்றி இதில் ஒன்றும் எழுதமாட்டேன்.

செய்தி இதுதான். எங்கள் கரைப்பெட்டிகள் ஆறும் கரையோர வானலைக் கோபுரங்களில் ஏறிவிட்டன. படகில் இருக்கிறவர் ஆபத்து என்று பொத்தானை அழுத்தினால், வானலையில் வரும் அந்தச் செய்தியைக் கரைப்பெட்டி பிடித்து நாங்கள் வேலை செய்கிற மருதனார்மடக் கந்தோருக்கும் கரையில் உள்ள படகுக்காரரின் போன்களுக்கும் அனுப்பும். பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கேர்னலுக்குள் நின்று செய்திப் பக்கற்றுகளை வாங்கி அனுப்புகிற பகுதி முழுக்க நான் எழுதியது. கொம்பனி அதை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டது. கோப்பின் தலையில் உதயகலா கோபிசங்கர் என்று இருக்கிறது. உங்கள் பெயரும் அதில் இருப்பது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கொழும்புத்துறைக் கோபுரத்தில் ஏற்றிய அன்று தம்பிஐயா என்கிற படகுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். அறுபது வயதிருக்கும். "உந்தப் பெட்டிக்குள்ளை நீங்கள் என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். "ஐயா, ஒவ்வொரு செய்தியும் வரேக்கை அதைப் போட ஒரு கடகம் வேணும். பெட்டி ஒரு கடகம் எடுத்துக் குடுக்கும். செய்தி போனதும் கடகத்தைத் திருப்பி வைக்கோணும். வைக்காமல் விட்டா ஒருநாள் கடகம் எல்லாம் முடிஞ்சிடும்" என்றேன். "திருப்பி வைக்கிறது ஆர்?" என்றார். "நான்தான்" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கலா


வெள்ளவத்தை
26 செப்டெம்பர் 2024

கலா,

வாழ்த்துகள். பெரிய வேலை. எட்டுப் பேர் உள்ள கொம்பனியில் இதைச் செய்தது கெட்டித்தனம்தான்.

கோபுரங்களுக்கு யாரோடு போனீர் என்று நீர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. பக்கத்து வீட்டு நாகேஸ்வரியக்கா போட்ட படத்தில் பார்த்தேன். நீர் எங்கள் வீட்டுப் படலையடியில் நின்று சிரிக்கிறீர். கையில் நீல ஹெல்மெட். பின்னால் லெனாட்டின் மோட்டார்சைக்கிள். அந்த இரண்டாவது ஹெல்மெட்டை வாங்கியது யார்?

இப்படிக் கேட்கிறவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கும் தெரியும். கேட்காமல் இருந்தால் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அதைவிடக் கேட்பது மேல்.

எனக்கு இங்கே வேலை அதிகம். எங்கள் குழுத் தலைவி பெர்னடெட் போன மாதம் நான் எழுதிய ஒன்றை மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை அதை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். இதை உமக்குச் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன்.

சங்கர்


கொழும்புத்துறை
4 ஒக்டோபர் 2024

சங்கர்,

ஹெல்மெட் நான் வாங்கியது. மருதனார்மடத்துக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும். மழை பெய்தால் மூன்று மணித்தியாலம் அதிலேயே போய்விடும். லெனாட்டின் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது ஒழுங்கை. அவர் போகிற வழியில் நான் ஏறுகிறேன். அவ்வளவுதான்.

ஆனால் அவ்வளவுதான் என்று முடித்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் முழுவதும் எழுதுகிறேன். லெனாட்டோடு வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். நான் ஒரு சந்தேகத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் பேசாமல் இருப்பார். எங்கள் வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. நான் பாதி சொல்லும்போதே நீங்கள் பதிலைச் சொல்லிவிடுவீர்கள். பதில் சரியாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன். லெனாட்டுக்கு வானலை தெரியும், கேர்னல் தெரியாது. எங்கள் கந்தோரில் நான் எழுதியதை எனக்கு மேலால் பார்க்க ஆளில்லை. எழுதியவளே சரிபார்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நினைவகம் கசிகிறதா என்று பார்க்கும் கருவியைப் போட்டு மூன்று நாள் ஓட்டினோம். ஒன்றும் காட்டவில்லை. என்றாலும் எனக்கு மனம் ஆறவில்லை. கம்பஸில் படித்த காலத்தில் மற்றவர்கள் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பிழையை நீங்கள் வாசித்தே கண்டுபிடிப்பீர்கள். அந்தக் கண் எனக்கில்லை.

கோப்பைப் பாருங்கள். கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். ஏதும் கண்டால் சொல்லுங்கள், எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் பரவாயில்லை.

கலா


வெள்ளவத்தை
14 ஒக்டோபர் 2024

கலா,

வாசித்தேன். நன்றாக இருக்கிறது. குறிப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மழைக்காலம் வருகிறது. பெட்டிகளை வாரத்துக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி போடச் சொல்லும். எந்தப் பெட்டிக்கும் அது நல்லது.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். கோப்பின் தலையில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் லெனாட்டின் பெயர் ஏன் இருக்கிறது? அவருக்குக் கேர்னல் தெரியாது என்று நீரே எழுதுகிறீர். தெரியாதவரின் பெயர் உம்முடைய பெயருக்குக் கீழே நிற்கிறது. தெரிந்தவன் கொழும்பில் இருந்து வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும்.

சங்கர்


மருதனார்மடம்
27 ஒக்டோபர் 2024

சங்கர்,

உங்கள் கடிதம் வந்த அன்று நன்றாக நித்திரை கொண்டேன். லெனாட்டின் பெயரைப் பற்றி நீங்கள் எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது எனக்குப் பெரிது. கம்பஸில் என்னுடைய எதையும் நீங்கள் அப்படிச் சொன்னதில்லை.

நிறுத்திப் போடுவது பற்றிக் கந்தோரில் கதைத்தேன். நிறுத்தி எழும்ப ஒவ்வொரு பெட்டிக்கும் நாலைந்து நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் யாராவது பொத்தானை அழுத்தினால் என்ன செய்வது என்று கேட்டார்கள். லெனாட் சொன்னது வேறு. "பிழை இருந்தா அதைக் கண்டுபிடிக்கோணும். நித்திரையாக்கி எழுப்பினா பிழை போகாது. பிழை இல்லாட்டில் ஏன் நிப்பாட்டுவான்?" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. நீங்களும் பிழை இல்லை என்றுதானே சொன்னீர்கள். அதனால் விட்டுவிட்டோம்.

சரிபார்த்தவர் இடத்தில் உங்கள் பெயரைப் போடட்டுமா? ஓம் என்றால் நாளைக்கே மாற்றுகிறேன்.

வியாழக்கிழமை தீபாவளி. லீவு எடுத்தால் நாலு நாள் சேர்ந்து வரும்.

கலா


வெள்ளவத்தை
29 ஒக்டோபர் 2024

கலா,

என் பெயரைப் போடவேண்டாம். கேட்டு வாங்குகிற பெயர் எனக்குத் தேவையில்லை.

எட்டு வருடம் இதே வேலை செய்கிறவன் ஒன்று சொன்னேன். லெனாட் வேறு சொன்னார். நீர் லெனாட் சொன்னதைக் கேட்டீர். அதை எனக்கு எழுதியும் அனுப்புகிறீர், அவர் எப்படிச் சொன்னார் என்று சொல்லுக்குச் சொல். நான் சொன்ன எதையாவது அப்படி யாருக்காவது எழுதியிருக்கிறீரா?

மறுபடியும் சொல்கிறேன். பெட்டிகளை நிறுத்திப் போடும். ஏன் என்று கேட்கவேண்டாம்.

தீபாவளிக்கு வரவில்லை.

சங்கர்


கொழும்புத்துறை
11 நவம்பர் 2024

சங்கர்,

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

தம்பிஐயாவும் அவரோடு தொழிலுக்குப் போகும் ஜெரிசனும் காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டார்கள். ஏழு மணிபோலக் காற்று மாறியது. எஞ்சின் நின்றுவிட்டது, அவ்வளவு தூரத்தில் போனும் எடுபடாது. ஏழு இருபதுக்கு ஜெரிசன் பொத்தானை அழுத்தினார். பிறகும் அழுத்தினார். பதினொரு தரம் அழுத்தியதாகச் சொல்கிறார். கரையில் ஒரு போனும் அடிக்கவில்லை. எட்டு மணியளவில் படகு பிரண்டு கவிழ்ந்தது. பரவைக்கடல்தானே, ஆழமில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். நடுவில் கால் நிலை கொள்ளாது. இரண்டு பேரும் பிரண்ட படகைப் பிடித்தபடி பூநகரிப் பக்கமாக இழுபட்டுப் போயிருக்கிறார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு வேறொரு படகு கண்டது.

ஏழு மணித்தியாலம், சங்கர். ஜெரிசன் தப்பிவிட்டார். தம்பிஐயாவுக்கு இரண்டு விலா எலும்பு உடைந்து, நுரையீரலுக்குள் தண்ணீரும் போய், ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் போட்டிருக்கிறார்கள்.

நான் கோபுரத்தடிக்குப் போனேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டி நிற்கவில்லை. உள்ளே பார்த்தால் நினைவகத்தில் இடமே இல்லை. வருகிற ஒவ்வொரு பக்கற்றுக்கும் இடம் கேட்டு, கிடைக்காமல், கீழே போட்டுக்கொண்டிருந்தது. ஜெரிசனின் பதினொன்றும் அப்படித்தான் போயிருக்கும். மற்ற ஐந்து பெட்டிகளையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் நாளுக்கு நாள் இடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மழை பெய்த நாட்களில் வேகமாக.

எங்கோ கசிகிறது. எங்கே என்று தெரியவில்லை. இன்று காலையிலிருந்து கோப்பை ஏழு தரம் வாசித்துவிட்டேன். லெனாட்டும் பக்கத்தில் இருந்து வாசித்தார். வார்ட்டுக்கு வெளியில் ஜெரிசனைக் கண்டபோது அவர் என்னை ஏசவில்லை. "அக்கா, நான் பிழையா அழுத்திப்போட்டனோ?" என்று கேட்டார்.

உதவி செய்யுங்கள்.

கலா


வெள்ளவத்தை
11 நவம்பர் 2024

கலா,

பக்கற்றுக்கு இரண்டாவது பிரதி எடுக்கிற இடத்துக்குக் கீழே பாரும். நீளம் போதாவிட்டால் என்ன செய்கிறீர் என்று பாரும். ஆறு பெட்டிகளையும் இப்போதே நிறுத்திப் போடும்.

சங்கர்


மருதனார்மடம்
13 நவம்பர் 2024

சங்கர்,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நிமிடத்தில் கண்டுவிட்டேன். பிழை வந்தால் வெளியேற மூன்று வழி வைத்திருக்கிறேன். முதல் இரண்டும் கடைசியில் உள்ள ஒரே இடத்துக்குப் போய், எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறும். மூன்றாவது, செய்தி பாதியில் அறுந்து கட்டையாக வந்தால் நேரே வெளியே போய்விடுகிறது. எடுத்த பிரதி திருப்பிக் கொடுபடவில்லை. மழையும் காற்றும் வந்தால் அறுந்த செய்திகள்தான் அதிகம். நாங்கள் மேசையில் வைத்துச் சோதித்தபோது ஒரு அறுந்த பக்கற்றைக்கூடக் கொடுக்கவில்லை. முழுதானவற்றை மட்டுமே கொடுத்தோம். கருவி எப்படிக் காட்டும்? அது என் பிழை. அதை யார்மேலும் போடமாட்டேன்.

திருத்தி, சோதித்து, ஆறிலும் ஏற்றிவிட்டோம்.

பிறகுதான் யோசித்தேன். நான் எழுதி நாற்பது நிமிடத்தில் உங்கள் பதில் வந்திருக்கிறது. நானூறு வரிக் கோப்பு. நாற்பது நிமிடத்தில் நீங்கள்கூடக் கண்டுபிடிக்கமாட்டீர்கள். பழைய கடிதங்களை எடுத்து வாசித்தேன். பெட்டிகளை வாரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் போடச் சொல்லும். மழைக்காலம் வருகிறது. ஏன் என்று கேட்கவேண்டாம்.

ஏன் என்று இப்போது கேட்கிறேன். ஒக்டோபரில் உங்களுக்குத் தெரியுமா?

கலா


வெள்ளவத்தை
15 நவம்பர் 2024

கலா,

ஓம். தெரியும்.

ஒக்டோபர் பதினொன்று வெள்ளிக்கிழமை எங்கள் குழுக் கூட்டம். பெர்னடெட் திரையில் ஒரு கோப்பைப் போட்டார். பக்கற் இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கிறது, கடைசியில் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியவர் யார் என்று ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இரண்டு வரியில் எழுதியிருப்பதைக் காட்டி, இப்படித்தான் எழுதவேண்டும், இதை நீங்கள் யாரும் செய்வதில்லை என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். அது உம்முடைய கோப்பு. நீர் அனுப்பி ஒரு கிழமையாகியும் நான் திறக்காமல் வைத்திருந்த கோப்பு. பக்கத்தில் இருந்தவர் தலையில் உள்ள பெயரைப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன்.

மனைவியை இல்லையென்று சொன்னேன். அதுதான் நான் செய்ததில் முதலாவது.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் கோப்பைத் திறந்தேன். உதவி செய்வதற்காக இல்லை. எங்காவது ஒரு ஓட்டை இருக்கவேண்டும் என்று வாசித்தேன். வாசிக்க வாசிக்க வயிறு எரிந்தது, ஏனென்றால் வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. மத்தியானம் அந்த மூன்றாவது வழியைக் கண்டேன். எனக்குப் பயம் வரவில்லை, கலா. சந்தோஷம் வந்தது. கீழே இறங்கிப் போய் ஒரு ஐஸ்கிறீம் வாங்கி, தெருவில் நின்றபடியே சாப்பிட்டேன்.

வேறு ஒரு சாதாரண மென்பொருள் என்றால், அதை மூடும்போது எடுத்த நினைவகமெல்லாம் தானாகத் திரும்பிவிடும். கேர்னல் அப்படியில்லை, பெட்டியை நிறுத்தும்வரை திரும்பாது. எனக்கு இது தெரியும். மழை வந்தால் கூடும் என்பதும் தெரியும். பெட்டி ஒருநாள் மெதுவாகும், லெனாட்டுக்கு ஒன்றும் விளங்காது, நீர் என்னைக் கூப்பிடுவீர், நான் ஐந்து நிமிடத்தில் சொல்வேன் என்று நினைத்தேன். அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருந்தேன். திருத்தத்தை அன்றே எழுதிவிட்டேன். மூன்று வரி. இப்போதும் என் கணினியில் கிடக்கிறது.

படகில் ஆட்கள் இருப்பதை நினைக்கவில்லை என்று எழுதத்தான் முதலில் இருந்தேன். அது பொய். நினைத்தேன். அதனால்தான் நிறுத்திப் போடச் சொன்னேன். பிழையையும் சொல்லக்கூடாது, யாருக்கும் ஒன்றும் நடக்கவும் கூடாது. இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது.

நீர் நன்றாக நித்திரை கொண்டேன் என்று எழுதிய கடிதத்தை நான் முழுவதும் வாசிக்கவில்லை. லெனாட் சொன்னார் என்ற இடத்தில் எரிச்சல் வந்து, நேரே கடைசிக்குப் போய்விட்டேன். நேற்றுத்தான் முழுவதும் வாசித்தேன்.

சங்கர்


கொழும்புத்துறை
20 நவம்பர் 2024

சங்கர்,

ஐந்து நாள் எழுதவில்லை. எழுதியதெல்லாம் அனுப்ப முடியாததாக இருந்தது.

முதலில் தம்பிஐயா. முந்தநாள் வீட்டுக்கு விட்டார்கள். மூச்செடுக்க இன்னும் வருத்தம். இனித் தொழிலுக்குப் போகவேண்டாம் என்று மனைவி சொல்கிறா. அவர் கேட்கிறதாக இல்லை.

இரண்டாவது, பொறாமை. அது உங்களுக்கு மட்டும் இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். கொழும்பு வேலைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் நேர்முகத்துக்குப் போனோம். உங்களை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. நீங்கள் போன பிறகு மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் நின்று, உங்களைத் திருப்பி அனுப்பிவிடவேண்டும் என்று கும்பிட்டேன். ஒரு நாள் இல்லை, ஒரு மாதம். அந்த மாதத்தில்தான் நீங்கள் போன் எடுத்து, உங்கள் வேலையில் ஒரு எண்ணிக்கை பூச்சியத்துக்கு வருகுதில்லை என்று என்னிடம் கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சொல்லத்தான் செய்தேன், சங்கர். உங்களில் கோபப்படும்போதெல்லாம் அந்தக் கொஞ்ச நேரமும் எனக்கு ஞாபகம் வருகிறது. அதனால் கோபம் குறையவில்லை.

லெனாட்டை நினைத்து நீங்கள் எரிந்தது எனக்கு விளங்கும். ஆனால் நீங்கள் எரிந்தது லெனாட்டை நினைத்து இல்லை. என் வேலையை நினைத்து. அது தெரிந்தபிறகு இந்த வீட்டில் உங்கள் உடுப்பு அலுமாரியைத் திறக்கப் பிடிக்கவில்லை.

இனி வேலை விஷயம். நாளை திருத்தத்தை இணையத்தில் போடுகிறோம். அதோடு ஒரு குறிப்பும் போடவேண்டும். அறுந்த பக்கற்றுகளைக் கொடுத்துச் சோதிக்கவில்லை என்று என் பிழையை முதலில் எழுதியிருக்கிறேன். இனி எந்தப் பகுதிக்கும் வெளியேறும் இடம் ஒன்றுதான் இருக்கும், கோபுரத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு இலட்சம் உடைந்த பக்கற்றுகளைக் கொடுத்துப் பார்ப்போம், இடம் குறைந்தால் பெட்டியே எங்களைக் கூப்பிடும் என்றும் எழுதியிருக்கிறேன்.

பிழையைக் கண்டவர் யார் என்றும் எழுதவேண்டும். கண்டவர் நீங்கள். திருத்தும் மூன்று வரியை முதலில் எழுதியவரும் நீங்கள்தான். உங்கள் பெயரைப் போடுகிறேன். கண்ட திகதியையும் போடுவேன், 12 ஒக்டோபர். படகு பிரண்டது நவம்பர் பத்து என்று அதற்குக் கீழேயே இருக்கிறது. வாசிக்கிறவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். திகதி வேண்டாம் என்றால் பெயரும் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

கலா


வெள்ளவத்தை
20 நவம்பர் 2024

கலா,

திகதியைப் போடும்.

பெர்னடெட்டிடம் இன்று சொல்லிவிட்டேன். அந்தக் கோப்பு என் மனைவி எழுதியது என்றும், நான் என்ன செய்தேன் என்றும். அடுத்த மாதம் கதைப்போம் என்றார். வேலை இருக்குமோ தெரியாது.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். முதலில் தம்பிஐயா வீட்டுக்கு. நீர் கூட வரவேண்டாம். லெனாட்டிடமும் சொல்லவேண்டாம்.

சங்கர்


கொழும்புத்துறை
23 நவம்பர் 2024, காலை

கலா,

கரையில் இருந்துகொண்டு போனில் எழுதுகிறேன்.

ஏழு மணிக்குப் போனேன். வாசலில் கதிரை போட்டு இருந்தார். மார்பைச் சுற்றிப் பட்டி. உதயகலாவின் கணவன் என்றதும், "அந்தப் பிள்ளையின்ரை மனுசனோ, வாரும், இரும்" என்று தேத்தண்ணி போடச் சொன்னார். தேத்தண்ணி வரும் முன் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். பெட்டியில் ஒரு பிழை இருந்தது, அதை நான் முதலே கண்டேன், சொல்லவில்லை என்று.

"எத்தினை நாளுக்கு முதல் கண்டனீர்?"

"இருபத்தொன்பது நாள், ஐயா."

"அவவோடை கோவமோ?"

"இல்லை. பொறாமை."

அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். "அவ என்னைவிட நல்லாச் செய்தவ. அது எனக்குப் பொறுக்கேல்லை" என்றேன்.

ஜெரிசன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். வந்து என் சட்டையைப் பிடித்தார். "நான் பதினொரு தரம் அமத்தினனான் தெரியுமோ? பிழையா அமத்திப்போட்டன் எண்டு ரெண்டு கிழமையா நித்திரை இல்லை எனக்கு" என்றார். அடிப்பார் என்று நின்றேன். தம்பிஐயா, "விடடா" என்றார். ஜெரிசன் விட்டுவிட்டு வெளியே போய் நின்றார். தேத்தண்ணி வந்தது, நான் எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை.

தம்பிஐயா கேட்டார். "இப்ப பிழை போயிட்டுதோ?"

"ஓம். அவ திருத்தியிட்டா."

"நீர் பாத்தனீரோ?"

"பாத்தனான்."

"போன தரமும் நீர் பாத்தனீர்தானே" என்றார். பிறகு சொன்னார்: "எனக்கு உம்மிலை கோவம். அது கிடக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஜெரிசன் தொழிலுக்குப் போறான். அவன் போகமுதல் உந்தப் பொத்தான் வேலை செய்யுதெண்டு நான் என்ரை கண்ணாலை பாக்கோணும். நீர் தண்ணிக்குள்ளை போய் அமத்தும். நான் கரையிலை போனோடை நிக்கிறன்."

ஜெரிசன் படகைத் தள்ளுகிறார். தூறுகிறது. உம்மிடம் ஒன்றும் கேட்டு எழுதவில்லை. இன்று சனிக்கிழமை, நீர் கந்தோரில் இருப்பீர். ஆபத்து மணி அடித்தால் பயப்படவேண்டாம், அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

சங்கர்


மருதனார்மடம்
23 நவம்பர் 2024, மத்தியானம்

சங்கர்,

உங்கள் கடிதத்தைப் பிறகுதான் கண்டேன். மணி முதலே அடித்துவிட்டது. ஒன்பது பதினான்குக்கு, தம்பிஐயாவின் படகு. லெனாட் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். படகின் போனுக்கு எடுத்தேன், கரைக்குக் கிட்ட நின்றதால் எடுபட்டது. ஜெரிசன்தான் கதைத்தார். "ஒண்டுமில்லை அக்கா. உங்கடை மனுசன் அமத்துறார். கரையிலை ஐயான்ரை போனும் அடிச்சதாம். இன்னும் பத்துத் தரம் அமத்தோணும் எண்டு நான்தான் சொன்னனான்" என்றார்.

பதினொன்றும் வந்தன. கடைசி இரண்டும் மழைக்குள் அழுத்தியவை. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு பெட்டியின் நினைவகத்தைப் பார்த்தேன். எடுத்ததெல்லாம் திரும்பியிருக்கிறது. குறையவில்லை.

வீட்டுத் திறப்பு நாகேஸ்வரியக்காவிடம் இருக்கிறது. உங்கள் உடுப்பு நனைந்திருக்கும், மாற்றுங்கள். என் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இருக்கவேண்டாம். ஐந்தரைக்கு வருவேன். நான் கதைத்து முடிக்கும்வரை நீங்கள் ஒன்றும் சொல்லக்கூடாது.

கலா